ஹிஸ்டரி மேசை: மாவட்ட மனநலத் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

மனநலப் புறநோயாளர் பிரிவில், டாக்டர் அறைக்கு வெளியே ஒரு மேசை கிடக்கும். உளவியலாளரோ சமூகப் பணியாளரோ அங்கே உட்கார்ந்து புதுக் கேஸ்களுக்கு ஹிஸ்டரி, அதாவது நோய் வந்த கதை, எடுப்பார். கல்லூரியில் இதற்கு ஒன்றரை மணி நேரமும் பன்னிரண்டு பக்கப் படிவமும் உண்டு. தாலுகா மருத்துவமனை முகாம் நாளில் கிடைப்பது பதினைந்து நிமிடம். மின்விசிறி ஓடினால் அதிர்ஷ்டம். படிவத்தை எப்படிச் சுருக்குவது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். சுருக்கிப் பயனில்லை. அந்த மேசையில் முடிக்க வேண்டிய வேலை இரண்டுதான்: இன்று காத்திருக்க முடியாதவர் யார் என்று கண்டுபிடிப்பது, மற்றவர்களை இரண்டாம் முறை வரவைப்பது. மீதிக் கதையை அவர்கள் திரும்பி வரும்போது எழுதிக்கொள்ளலாம். திரும்பி வராதவரைப் பற்றிய பன்னிரண்டு பக்கமும் ரெக்கார்டு ரூம் கரையானுக்குத்தான்.

இரண்டாம் வருகைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கத் திட்டத்தின் அமைப்பே காரணம். எண்பதுகளில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூரு மனநல நிறுவனமான நிமான்ஸ் செய்து பார்த்த முயற்சியிலிருந்து பிறந்து, 1996-ல் தொடங்கிய திட்டம் இது. முதல் நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஓ.பி. நடக்கும், தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குழு முறைவைத்துப் போகும். ஓர் ஊருக்கு வாரத்தில் ஒரு நாள், சில ஊர்களுக்கு மாதத்தில் ஒரு நாள். அந்த நாளைத் தவறவிட்டவருக்கு மாத்திரை தீர்ந்துபோகும். தீர்ந்த இரண்டு வாரத்தில் தூக்கம் கெடும், பிறகு பழைய சந்தேகம் திரும்பும், பிறகு வீட்டில் அடிதடி. இந்த வரிசை ஏறக்குறைய மாறுவதே இல்லை.

வரிசையை ஒருமுறை நடந்து பாருங்கள்

மேசையில் உட்காரும் முன் வரிசையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துவிட்டு வர வேண்டும். இரண்டு நிமிட வேலை. கையில் நோட்டு வேண்டாம். பழைய கேஸ் யார், புதுக் கேஸ் யார் என்று பிரிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கண் தேட வேண்டியது வேறு. துண்டால் கை கட்டப்பட்டவர். தலை தொங்கி அரைத் தூக்கத்தில் இருப்பவர். வேர்த்து, கை நடுங்கிக்கொண்டிருப்பவர். பச்சைக் குழந்தையோடு வந்து, குழந்தையைப் பார்க்காமல் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் தாய். போலீஸ்காரர் பக்கத்தில் நிற்கிறவர். துணையில்லாமல் தனியாக வந்து, யாரிடமும் பேசாமல் ஓரமாக நிற்கிறவர். கடைசியாகச் சொன்னவரைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். சத்தம் போடுகிறவரை முதலில் உள்ளே அனுப்பிவிடுவோம். அமைதியாக நிற்கிறவர் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போயே விடுவார்.

வயதானவர் திடீரென்று மாற்றிப் பேசுகிறார் என்றால் அது மனநோய் என்று நினைப்பதற்கு முன் உடம்பைச் சந்தேகியுங்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்" என்ற வாக்கியம் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிட்டு நாடி, பி.பி., காய்ச்சல், ஆக்சிஜன் அளவு, விரல் நுனியில் சர்க்கரை பார்க்கச் சொல்ல வேண்டும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, சர்க்கரை தாழ்வது, சில வாரங்களுக்கு முன் பாத்ரூமில் வழுக்கித் தலையில் பட்ட அடி எல்லாமே மனநோய் வேஷத்தில் வரும். மேசையிலேயே சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: கிழமை என்ன, இது எந்த இடம், மார்கழியிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லுங்கள். குழப்பத்தில் இருப்பவர் கார்த்திகை தாண்டமாட்டார். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம், கண்ணுக்கு உருவம் தெரிகிறது, விழிப்பு ஏறி இறங்குகிறது என்றால் அவர் போக வேண்டியது பொது மருத்துவப் பிரிவுக்கு, அதுவும் அப்போதே. நாற்பத்தைந்து வயதுக்குமேல் முதல்முறையாக இப்படி ஆனவர் எவரையும் ரத்தப் பரிசோதனை இல்லாமல் மனநோய் என்று எழுதி அனுப்பக் கூடாது என்பது மேசைக்கு ஒரு நல்ல விதி.

குடியும் இதே கணக்குதான். கேட்க வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு குடிப்பார் என்பதல்ல, கடைசியாக எப்போது குடித்தார் என்பது. நிறுத்திய முதல் நாளிலேயே நடுக்கம், வேர்வை. ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் பூச்சி ஊர்வது தெரியும், ஆள் அடையாளம் தெரியாது, உயிருக்கே ஆபத்து. விபத்தில் கால் முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் ராத்திரி "புத்தி பேதலித்து" நம்மிடம் அனுப்பப்படுவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். அளவை எழுதும்போது "தினமும் குடிப்பார்" என்று எழுதாதீர்கள். குவார்ட்டர் என்றால் 180 மி.லி. டாஸ்மாக் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 60 கிராம். பத்து கிராம் ஓர் அலகு என்று வைத்தால் ஒரு குவார்ட்டரே ஆறு அலகு. கட்டிங் என்றால் அதில் பாதி. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் ஒன்று நான்கு அலகு. "லேசா பீர்தான் சார்" என்கிறவர் இரண்டு பாட்டில் என்றால் எட்டு அலகு. காலையில் எழுந்ததும் கை நடுக்கம் நிற்கக் குடிக்கிறாரா என்ற ஒரு கேள்வி, பத்துக் கேள்வி செய்யும் வேலையைச் செய்துவிடும்.

பிள்ளை பெற்ற இரண்டு வாரத்துக்குள் தூக்கமே இல்லாமல், படபடவென்று பேசிக்கொண்டோ அப்படியே உறைந்தோ இருக்கும் தாயை வரிசையில் நிறுத்தவே கூடாது. வீட்டில் "பிரசவ ஜன்னி, பச்சை உடம்பு, சரியாயிடும்" என்பார்கள். குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணம் வருகிறதா என்று தாயிடம் தனியாக, மெதுவாகக் கேளுங்கள். பதில் எதுவானாலும் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். அதுவரை தாயும் குழந்தையும் தனியாக இருக்கக் கூடாது.

கூட வந்தவர் வேறு, கூட இருப்பவர் வேறு

அரசு மருத்துவமனையில் நோயாளியோடு வருகிறவரை அட்டெண்டர் என்கிறோம். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பதினைந்து நிமிடமும் அவருடைய கதையிலேயே போய்விடும். முதல் ஐந்து நிமிடம் நோயாளிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். "உங்க பேர் என்னங்கய்யா? இங்க வரணும்னு நீங்க நினைச்சீங்களா, இவங்க கூட்டிட்டு வந்தாங்களா?" இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் பலர் நிமிர்ந்து பார்ப்பார்கள். வீட்டில் அவர்களிடம் அதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பிறகு அட்டெண்டர். அவர் என்ன உறவு, ஒரே வீட்டில் இருக்கிறாரா, எத்தனை நாளாக என்று எழுதாமல் அவர் சொல்வதை எழுதக் கூடாது. பைக் வைத்திருக்கிறார் என்பதற்காகக் கூட வந்த சித்தப்பாவுக்கு ராத்திரி என்ன நடக்கிறது என்று தெரியாது. அது தெரிந்தவர், ஆடு மேய்க்க ஆள் இல்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட அம்மா. அவரைப் போனில் பிடித்தால் மூன்று நிமிடத்தில் வேலை முடியும்.

மாமியார் வீட்டார் அழைத்துவரும் மருமகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நாம் எழுதும் தாள் நாளைக்குக் குடும்ப நீதிமன்றத்தில் போய் நிற்கலாம். "நோயாளி சந்தேகப்படுகிறார்" என்று எழுதுவதும் "நோயாளி சந்தேகப்படுவதாகக் கணவர் சொல்கிறார், நோயாளி மறுக்கிறார்" என்று எழுதுவதும் ஒன்றல்ல. கணவர் மேல் அவர் சந்தேகப்படுகிறார் என்றால் அந்தச் சந்தேகம் உண்மையாக இருக்கவும் வாய்ப்புண்டு. இதைச் சொல்லத் தனியாக ஒரு பத்தி தேவையா என்று தோன்றலாம். கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் தேவை புரியும்.

ஓ.பி. நோட்டு நோயாளியின் கையில் வீட்டுக்குப் போகிறது என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். கணவர் அடிப்பது, கல்யாணத்துக்கு முந்தைய உறவு, குழந்தையாக இருந்தபோது நடந்த கொடுமை எதுவும் அந்த நோட்டில் ஏறக் கூடாது. நோட்டில் "விவரம் கோப்பில்" என்று மட்டும் எழுதிவிட்டு, அலுவலகத்தில் பூட்டி வைக்கும் கோப்பில் எழுதுங்கள். ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்ல வேண்டும், பேசி முடித்த பிறகு அல்ல. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டம் 2012-ன் 19-ஆம் பிரிவின்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். பதினேழு வயதுப் பெண் நம்மை நம்பிச் சொன்ன பிறகு, "இதை நான் சொல்லியே ஆகணும்" என்றால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வராது. "நீ சொல்றத யாருகிட்டயும் சொல்லமாட்டேன்மா, ஆனா உன் உயிருக்கோ வேற ஒரு பிள்ளைக்கோ ஆபத்துன்னாலும், பெரியவங்க யாராச்சும் உன்கிட்ட தப்பா நடந்திருந்தாலும் சிலபேர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும்" என்று முதலிலேயே சொன்னால், எதைச் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பிள்ளையிடம் இருக்கும்.

எந்த வார்த்தையில் கேட்பது

"மன அழுத்தம் இருக்கா?" என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "ஆமா" என்பார்கள். அந்த ஆமாவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. யாரும் மனத்தைச் சொல்லி வருவதில்லை. நெஞ்சு கனமாக இருக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, கை கால் அசதி, உள்ளங்கால் எரிச்சல், நரம்புத் தளர்ச்சி, ஒரே யோசனை. இ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் எடுத்து "ஒண்ணுமில்ல" என்று எழுதி வாங்கிய கட்டோடு வருவார்கள். அந்த "ஒண்ணுமில்ல" அவர்களைப் புண்படுத்தியிருக்கும். நாமும் "உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுதான்" என்று தொடங்கினால் தாங்கள் பொய் சொல்வதாக நாம் நினைக்கிறோம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

தூக்கத்தில் தொடங்குங்கள். தூக்கத்தைப் பற்றிப் பேச யாருக்கும் வெட்கமில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், படுத்து எவ்வளவு நேரத்தில் தூக்கம் வருகிறது, நடுவில் எத்தனை முறை எழுகிறீர்கள், கடைசியாக எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, அந்த நேரத்தில் என்ன யோசனை ஓடுகிறது? கடைசிக் கேள்வியில்தான் கதவு திறக்கும். மூன்று மணிக்கே விழித்து, விடியவே கூடாது என்று கிடக்கிறவர் ஒருவகை. தூங்காமலேயே சுறுசுறுப்பாக, ராத்திரியில் வீட்டைக் கழுவிவிட்டு, கடன் வாங்கிக் கடை வைக்கத் திட்டம் போடுகிறவர் வேறுவகை. இரண்டாமவரிடம் பழைய சோகக் காலம் மட்டும் கேட்டுவிட்டு இதைக் கேட்காமல் விட்டால், சோகத்துக்கான மாத்திரை மட்டும் போய்ச்சேர்ந்து நோய் மறுபக்கம் எகிறும்.

வேலையைப் பற்றிக் கேட்பதும் அப்படித்தான். "வேலைக்குப் போறீங்களா?" வேண்டாம். "கடைசியா எப்போ காட்டு வேலைக்குப் போனீங்க? அன்னைக்கு முழுநாள் இருந்தீங்களா?"

எப்போது ஆரம்பித்தது என்ற கேள்விக்குத் தேதி கிடைக்காது. பொங்கலுக்கு முன்னாலா பின்னாலா, ஊர்த் திருவிழாவில் நல்லா இருந்தாரா, பெரிய பையன் பன்னிரண்டாவது எழுதும்போது எப்படி, கொரோனா ஊரடங்கில் எப்படி என்று கேட்டால் மாதம் வரை இறங்கிவிடலாம். நடுவில் முழுசாக நன்றாக இருந்த காலம் உண்டா என்பதை மறக்க வேண்டாம். நோயின் பெயரே அந்தப் பதிலைப் பொறுத்து மாறும்.

குரல் கேட்கிறதா என்பதை நேராகக் கேட்டால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று பதில் வரும். "சிலபேருக்குத் தூக்கம் கெட்டா, யாரும் இல்லாதப்பவும் பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி, நம்மளப் பத்தி ரெண்டு பேர் பேசிக்கிற மாதிரி கேக்கும். உங்களுக்கு அப்படி?" என்று கேட்டால் சொல்வார்கள். சாமி ஆடுவதை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். கோயில் கொடையில், உடுக்கைச் சத்தத்தில் வந்து, திருநீறு போட்டதும் இறங்கி, மறுநாள் களையெடுக்கப் போகிறவருக்கு நம் உதவி தேவையில்லை. அதே அருள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் வந்து, இறங்காமலே இருந்தால் பேச வேண்டும்.

செய்வினை, ஏவல், சாப்பாட்டில் மருந்து வைத்தது என்ற விளக்கங்களைக் கேட்டுச் சிரிக்கும் ஊழியர் ஒருவர் போதும், அந்த ஊரிலிருந்தே யாரும் வரமாட்டார்கள். எங்கெல்லாம் காட்டினீர்கள், எவ்வளவு செலவானது, அங்கே குடிக்க என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். செலவுக் கணக்கு நோயின் வயதைச் சொல்லும். கொடுத்த பொடியும் வேரும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கிவிட்டு வந்தவர், ஏர்வாடி தர்காவில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர் என்று வரிசையில் எல்லோரும் உண்டு. கோயிலும் மாத்திரையும் ஒன்றையொன்று தடுக்காது என்று சொல்லிவிட்டாலே பாதிச் சண்டை தீரும். தாயத்தைக் கழற்றச் சொல்ல நமக்கு எந்தத் தேவையும் இல்லை.

சங்கிலி மட்டும் வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்துபோனார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 95-ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. கணுக்காலில் தழும்போடு ஒருவர் வந்தால் புண்ணை முதலில் பாருங்கள். சட்டத்தை அடுத்துச் சொல்லலாம். கட்டியவர் அநேகமாகக் கூலிக்குப் போக வேண்டிய விதவைத் தாயாக இருப்பார். அவரைத் திட்டி அனுப்பினால் மகனை இன்னும் உள்ளே கட்டி வைப்பார், இங்கே கூட்டி வரமாட்டார்.

மாத்திரைக் கதை

ஏற்கெனவே மருந்து சாப்பிட்டவரிடம் பெயர் கேட்டால் "சின்ன வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒண்ணரை" என்பார். நம் மருந்தகத்தில் வழங்கும் மாத்திரைகளின் காலி அட்டைகளை ஒரு சார்ட்டில் ஒட்டி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், ஹாலோபெரிடால், டி.எச்.பி., ஃப்ளூவாக்ஸெட்டின், அமிட்ரிப்டிலின், வால்ப்ரோயேட், லித்தியம். விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்கள். தயாரிப்பு மாறும்போது அட்டையின் நிறமும் மாறும், சார்ட்டையும் மாற்ற வேண்டும்.

"ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்பது பொய்யை அழைக்கும் கேள்வி. "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்றால் உண்மை வரும். முப்பது மாத்திரை வாங்கி இருபது நாள் ஆகியும் கையில் இருபத்திரண்டு இருந்தால் வேறு கேள்வியே வேண்டாம். ஏன் விட்டார் என்பதுதான் முக்கியம்: தூங்கி வழிந்து மில் ஷிப்டில் திட்டு வாங்கினார், உடம்பு பெருத்தது, மாதவிடாய் நின்றது, தாம்பத்தியத்தில் சிக்கல். கடைசி இரண்டையும் கேட்டால் தவிர யாரும் சொல்வதில்லை.

சில விஷயங்கள் டாக்டர் அடுத்த கேஸ் பார்க்கும் முன் அவர் காதில் போட வேண்டியவை. புது மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொள்வது, நாக்கு தள்ளுவது, கண் மேலே சொருகுவது: பார்க்கப் பயமாக இருக்கும், ஒரு ஊசியில் சரியாகும், ஆனால் அதைப் பேய் என்று நினைத்து மருந்தையே விட்டுவிடுவார்கள். காய்ச்சலோடு உடம்பு கட்டையாக விறைத்திருந்தால் அது உயிர் ஆபத்து. லித்தியம் சாப்பிடுகிறவர் வாந்தி பேதியோடு, கை நடுங்கித் தள்ளாடி வந்தால் ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் இது அதிகம், மூட்டு வலி மாத்திரை சேர்ந்தாலும் வரும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களிடம் கடைசியாக எப்போது குளித்தார்கள், அதாவது மாதவிடாய் எப்போது வந்தது, என்று கேட்டு எழுதாமல் உள்ளே அனுப்பாதீர்கள். வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும்.

சாவைப் பற்றிக் கேட்பது

எல்லோரிடமும் கேட்க வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. வருடக்கணக்கில் சுமந்த ஒன்றை இறக்கி வைக்க இடம் கிடைக்கும். படிபோல் இறங்குங்கள். வாழ்க்கை வெறுத்துப் போகிறதா? போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது என்று தோன்றுகிறதா? நாமே உயிரை விட்டுவிடலாம் என்று? எப்படி என்றுகூட யோசித்தீர்களா? அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா? முன்பு எப்போதாவது முயன்றீர்களா? அப்போது எது தடுத்தது? கடைசிக் கேள்விக்கு "பாப்பா முகம்" என்று பதில் வந்தால் அதை அப்படியே எழுதுங்கள், அடுத்த முறை அதைப் பிடித்துத்தான் பேசப்போகிறோம்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தின் ஒன்பதாவது கேள்வி இதைத்தான் கேட்கிறது. ஆனால் அதை மாமியார் பக்கத்தில் இருக்க, தலை நிமிராமல் ரேஷன் கார்டு விவரம் கேட்பதுபோல் வாசித்தால் பூஜ்யம்தான் விழும். மொத்த மதிப்பெண் எட்டாக இருந்து ஒன்பதாவதில் இரண்டு விழுந்தால், எட்டு குறைவுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

அவசர சிகிச்சையில் பிழைத்து வார்டிலிருந்து நம்மிடம் அனுப்பப்படுகிறவர்கள் எல்லோருமே "வயித்து வலி தாங்காம", "இருமல் மருந்துன்னு நினைச்சு" குடித்தவர்கள்தான். போலீஸ் கேசுக்குப் பயந்து குடும்பமே சேர்ந்து சொல்லும் கதை அது. 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருதி வழக்கிலிருந்து காக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவும் இல்லை. இதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் வயிற்று வலி கதை தானாக விலகும். எலி மருந்து தின்றவர் முதல் இரண்டு நாள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்து, பிறகு ஈரல் கெடலாம். "இப்போ நல்லாத்தான இருக்கா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்கிற உறவினரை எப்படியாவது நிறுத்துங்கள்.

ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் பேச்சு மட்டும் போதாது. பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அன்றே பக்கத்துத் தோட்டத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ போக வேண்டும். மாத்திரை முப்பது நாளுக்கு அல்ல, ஏழு நாளுக்கு. அதுவும் வேறொருவர் கையில். ராத்திரி பக்கத்தில் யார் படுப்பார்கள் என்று பெயர் கேட்டு எழுதுங்கள். "பார்த்துக்கிறோம்" என்ற பதிலுக்குப் பெயர் கிடையாது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற மனநல உதவி எண்ணை, நம் மாநிலத்தில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடப்பதை, தாளில் எழுதிக் கொடுப்பதோடு அவர் போனிலேயே பதிந்து கொடுங்கள்.

உள்ளே கொடுக்கும் மூன்று வரி

டாக்டருக்கு நேரம் இன்னும் குறைவு. ஹிஸ்டரியை அவர் படிக்கமாட்டார், மேலே உள்ள மூன்று வரியைப் படிப்பார். இப்படி இருக்கலாம்: "34 வயது, தறி ஓட்டுபவர், மூன்று மாதமாக முதலாளி கேமரா வைத்துக் கண்காணிப்பதாகச் சொல்கிறார், வேலைக்குப் போய் 40 நாள். இரண்டு வருடம் முன்பு இதேபோல் ஒருமுறை, மருந்தில் முழுசாகச் சரியானது, தானே நிறுத்தினார். சாகும் எண்ணம் இல்லை. முதலாளி வீட்டுக்கு அரிவாளோடு போயிருக்கிறார், போன வெள்ளி." இரண்டாவது வரி மருந்தைத் தேர்ந்தெடுக்க, மூன்றாவது வரி இன்றே சேர்ப்பதா என்று முடிவெடுக்க. நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "சந்தேக மாயை உள்ளது" என்பது நம் கருத்து. "ஃபேன் மூணு தடவ சுத்துனா என்னைக் கொல்லச் சொல்றாங்கன்னு அர்த்தம்" என்பது தகவல்.

நாம் எழுதியது பல வருடம் கழித்தும் எடுக்கப்படும். ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கு வருகிறவர்களை மதிப்பிடும் ஐடியாஸ் அளவுகோலில் தன் பராமரிப்பு, உறவுகள், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதிக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். நோயின் காலத்துக்குத் தனியாக, இரண்டு வருடத்துக்குக் கீழ் ஒன்று, பத்து வருடத்துக்கு மேல் நான்கு. மொத்தம் ஏழு வந்தால்தான் நாற்பது சதவீதம், அதுதான் சலுகைகளின் வாசற்படி. நோய் எப்போது தொடங்கியது, வேலை எப்போது நின்றது என்பதற்கு அந்த ஏழைக் குடும்பத்திடம் இருக்கும் ஒரே ஆதாரம் முதல் நாள் தாள். அதில் தேதி இல்லாமல் "நாள்பட்ட நோய்" என்று எழுதியவர் ஒருவரின் உதவித்தொகையைத் தெரியாமலேயே வெட்டியவர் ஆகிறார்.

போலீஸ் அழைத்து வருகிறவர்களைப் பற்றி ஒரு சொல். தெருவில் திரிகிறவரைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 100-ஆம் பிரிவு சொல்கிறது. எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கண்டெடுத்தார்கள், கையில் என்ன இருந்தது என்று போலீஸ்காரர் கிளம்பும் முன் எழுதிக்கொள்ளுங்கள். பஸ் டிக்கெட், பச்சை குத்திய பெயர், பேசும் வட்டார வழக்கு மூன்றும் ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

கிளம்பும் முன்

மாத்திரையோடு மருந்தக ஜன்னலிலிருந்து திரும்பியவரை இன்னொரு முறை மேசைக்கு வரச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம். மனச்சோர்வு மாத்திரை வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், ஆனால் வயிற்றுப் புரட்டல் முதல் வாரமே வரும் என்று சொல்லாமல் அனுப்பினால் ஐந்தாம் நாளே நிறுத்திவிடுவார்கள். அடுத்து எந்தக் கிழமை என்று சொல்லும் முன், அவர் ஊருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று கேளுங்கள். காலை எட்டரைக்கு ஒரு பஸ், மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பும் பஸ் என்றால், ஓ.பி. சீட்டு முடிந்து அவர் பன்னிரண்டுக்குள் கிளம்ப வழி செய்தால்தான் மறுபடி வருவார். ஒருநாள் கூலி போகிறது என்பது அவர் சொல்லாத காரணம்.

இரண்டு போன் நம்பர் வாங்குங்கள். ஒன்று எப்படியும் "தற்போது உபயோகத்தில் இல்லை". கிராம சுகாதாரச் செவிலியரோ மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரோ வீட்டுக்கு வரலாமா என்று நோயாளியிடமே கேட்டுவிடுங்கள். சர்க்கரை மாத்திரைக்கு வருகிறவர்போல் வந்தால் சரி என்பார்கள் சிலர். தெருவே வேண்டாம் என்பார்கள் சிலர்.

புதுக் கேஸ்களுக்கு ஏழாம் நாள் ஒரு போன். பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டுக்கொண்டால்தான் நடக்கும். போனை யார் எடுப்பார்கள் என்று தெரியாது, ஆகவே மனநலம் என்ற வார்த்தையே வேண்டாம். "ஜி.ஹெச்.லேர்ந்து பேசுறோம்ங்க, மாத்திரை வாங்கிட்டுப் போனாங்கல்ல, தூக்கம் பரவாயில்லையான்னு கேக்கலாம்னு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போன் கை மாறும்வரை காத்திருங்கள்.